கையத் தூக்காத எரிகோ

இண்டைக்குத் தன்னாமுனையில மெற்றில்டா அன்ரியச் சந்திச்சன். ரெண்டு மூணு வயசுக் குஞ்சுகளுக்குத் தன்ட வீட்டிலயே வேதக் கதை சொல்லிக் குடுக்கிறவ. கட்டாயம் உங்களுக்கும் சொல்லோணும்.

அவ கதைய வாயால மட்டும் சொல்றயில்ல. மோசே எண்டா, பன் புல்லால பின்னின பெட்டிக்குள்ள பொம்மைய வச்சுத் தண்ணியில மிதக்க விடுவா. யோனாவ விழுங்கின மீனுக்குப் பெரிய சாக்கு, உள்ள பூந்து மறுகா வெளிய வரோணும். சனம் சுத்தி நடந்து கத்தினதும் இடிஞ்சு விழுந்த எரிகோப் பட்டண மதிலுக்குக் காட்போட் பெட்டியள். புள்ளையள் சத்தமில்லாமச் சுத்திச் சுத்தி நடக்கும். அவ மடியில கையக் கோத்துக்கொண்டு இருந்து "இப்ப" எண்டுவா. உடன ஓவெண்டு கத்தி மதிலத் தள்ளிப் போடுங்கள்.

"கையத் தூக்கிக் காட்டினா இன்னும் எடுப்பா இருக்குமே அன்ரி" எண்டு கேட்டதுக்கு, உடைஞ்ச பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்த அவட புருசன் சவிரிமுத்து அங்கிள்தான் சிரிச்சார். "அதக் கேளாத மனே. அவ கையத் தூக்கியிருந்தா, பெட்டி ஒட்ட நான் இருந்திருக்க மாட்டன்."

அது தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக் காலம். மூத்தவள் ஜெசிந்தா கதைக்கப் பழகிட்டாள், சின்னவன் லூக்காஸ் விழுந்து விழுந்து நடக்கிறான். றோட்டில பஸ் இல்ல, கோயில்ல மறைக்கல்வி இல்ல, சவிரிமுத்து வாவிக்கு வலை கொண்டு போறதும் இல்ல. நாய் குலைச்சாப் போதும், மெற்றில்டாட நெஞ்சு துள்ளும். தாய்ட முகத்தப் பாத்துப் புள்ளையள் அழும். அந்த அழுகைய அடக்கத்தான் அவ கதை தொடங்கினது. நாய் குலைக்குதா, நோவாட பேழை எண்டு கட்டில்ல ஏத்துவா. வெடி கேக்குதா, தானியேல்ட சிங்கம் மாதிரி நிலத்தில நாலு காலில நிப்பா. கடவுள் அனுப்பின சம்மனசு வந்து சிங்கத்துட வாயக் கட்டிட்டார் எண்டா, ரெண்டும் பக்கத்தில படுத்து வாயப் பொத்திக்கொள்ளும்.

எரிகோதான் அதுகளுக்கு உசிர். குசினி மூலையில அப்பாட மீன்பெட்டியள் வெறுமையாக் கிடந்துது. அடுக்கினா மதில். அம்மா ரெண்டு கையையும் தூக்கினாக் கத்தித் தள்ளோணும்.

"ஊரே அடங்கிக் கிடக்கு, நீ புள்ளையளக் கத்தப் பழக்கிறாய்" எண்டு சவிரிமுத்து நக்கலடிப்பார்.

"கத்தாமக் கிடந்துதான் எனக்கு விசர் புடிக்குது. அதுகளாவது கத்தட்டும்."

ஒரு நாள் காலம, அடுத்த வளவில அழுகைச் சத்தம். துவக்கோட வந்தாக்கள் ஆம்பிளையளக் கூட்டிப் போறாங்க. என்னண்டு பாக்கிறதுக்குள்ள இவங்கட படலையும் திறந்திட்டு. சவிரிமுத்துக்கு ஓட வழியில்ல. மீன்பெட்டி மதிலுக்குப் பின்னால குந்தினார். அவர் ஒளிச்சதப் புள்ளையள் காணல்ல.

வந்தாக்கள் வீட்டச் சுத்தி நடந்தாங்க. திரும்பவும் சுத்தினாங்க. ஜன்னலால பாத்த ஜெசிந்தாட முகம் மலர்ந்து போச்சு. "அம்மா, எரிகோ சுத்துறாங்க" எண்டு குசுகுசுத்தாள். தம்பிட கையப் புடிச்சுக்கொண்டு மதிலுக்கு முன்னால வந்து நிண்டாள்.

குசினி வாசல்ல ஒருத்தர் வந்து நிண்டார். சொன்ன பாசை விளங்கல்ல. ஆனாத் துவக்கு நுனிய மேல ஆட்டினது விளங்கிச்சு. கையத் தூக்கு.

மெற்றில்டாட கை தன்பாட்டில எழும்பிச்சு. தோளுக்கு வரக்குள்ளதான் புள்ளையளக் கண்டா. ரெண்டும் மூச்ச இழுத்து, கன்னத்த ஊதிக்கொண்டு, அவட கையையே பாத்துக்கொண்டு நிக்குதுகள். கை இன்னும் கொஞ்சம் மேல போனா மதில் சரியும். தூக்காட்டித் துவக்கு.

தொப்பெண்டு நிலத்தில விழுந்தா. நாலு காலில நிண்டா.

"சிங்கம், மனே" எண்டா.

ஜெசிந்தாக்குச் சரியான ஏமாத்தம். காலால நிலத்த உதைச்சாள். மேல் பெட்டி ஒண்டு ஆடி, ஆடி, நிண்டிச்சு. மறுகா தம்பிய இழுத்துக்கொண்டு வந்து தாய்ட வயித்துக்குக் கீழ படுத்தாள். லூக்காஸ் ஒரு கையால தன்ட வாயப் பொத்தி, மத்தக் கையால அம்மாட வாயப் பொத்தினான்.

அந்த ஆள் பாத்துக்கொண்டு நிண்டார். கும்பிட்டு விழுந்திட்டா எண்டு நினைச்சாரோ, விசரி எண்டு நினைச்சாரோ, உள்ள வரல்ல. சப்பாத்துச் சத்தம் வளவ விட்டுப் போச்சு.

அதுக்குப் பிறகும் மெற்றில்டா எழும்பல்ல. பெட்டிக்குப் பின்னால இருந்து சவிரிமுத்து மெல்லக் கேட்டார். "சிங்கம் இன்னும் நிக்குதாகா?"

ஜெசிந்தா துள்ளி எழும்பினாள். "அப்பா எரிகோவுக்குள்ளயா இருந்த நீங்க?" எண்டு கேட்டு, அண்டு முழுக்க மூஞ்சிய நீட்டிக்கொண்டு திரிஞ்சாள், கத்த விடல்ல எண்டு.

அண்டையில இருந்து எரிகோவுக்கு அவ கை தூக்கிறதில்ல. இப்பவும் படலை கிறீச்செண்டா அவட கண் குசினி மூலைக்குத்தான் போகுது. எனக்கு இதச் சொல்லக்குள்ளயும் ரெண்டு தரம் எழும்பிப் போய் அந்த மூலைய எட்டிப் பாத்துட்டு வந்தா.

சின்னப் புள்ளையள் இருக்கிற ஆக்களுக்கு இதக் கட்டாயம் அனுப்புங்க. சனிக்கிழமை பின்னேரம் புள்ளையளக் கூட்டிக்கொண்டு ஒருக்காப் போயிட்டு வாங்க. வெறும் பெட்டி இருந்தாக் கொண்டு போங்க, அங்கிள் ஒட்டி ஒட்டி அலுத்திட்டார். ஒண்டு மட்டும். எரிகோ நடக்கக்குள்ள வாசல்ல நிண்டு கையத் தூக்கிக் கூப்பிடாதீங்க. மெல்ல வந்து புள்ளையளோட இருங்க.