ஜெபராஜ் மாமாவின் ஜீப் விட்ட புகை

போன மாதம் வானகரம் சிக்னலில் மகளின் காரில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் நின்ற தண்ணீர் லாரி கிளம்பும்போது ஒரு குடம் கரியைக் கரைத்து ஊற்றியதுபோல் புகை விட்டது. மகள் அவசரமாகக் கண்ணாடியை ஏற்றினாள். "மூச்ச இழுக்காதீங்கப்பா" என்றாள். அதற்குள் இழுத்துவிட்டிருந்தேன். அறுபதைத் தாண்டிய மனுஷன் லாரிப் புகைக்குக் கண் கலங்கினால் யாரிடம் சொல்வது? தூசி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன்.

அந்த நாற்றம் எனக்கு என் அக்கா புருஷன் ஜெபராஜ் மாமாவின் வாசனை. எண்பதுகளின் கடைசியில் அவர் சட்டை, தலைமுடி, சாப்பிடும் கை எல்லாவற்றிலும் அது இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பவுடர் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாலும் பவுடருக்கு அடியில் டீசல் மணக்கும்.

எங்கள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். குவார்ட்டர்ஸில்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். மாமா பூந்தமல்லிக்காரர். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என்னைப் பார்த்து, "இன்னா மச்சான், துன்னியா?" என்று கேட்டார். அம்மா திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தாள். ஆனால் அந்த மனுஷனை யாருக்கும் பிடிக்காமல் போனதில்லை. கம்பெனி கம்பெனியாக மற்றவர் வண்டியை ஓட்டியே பதினைந்து வருஷம் கழித்தவர். சொந்தமாக ஒரு வண்டி, அதில் முதலில் அக்காவை உட்காரவைத்து ஒரு சுற்று, அவ்வளவுதான் அவர் கண்ட கனவு.

வந்த வண்டி ஒரு பழைய ஜீப். ராணுவம் கழித்துவிட்டதை யாரோ ஏலத்தில் எடுத்து, டீசல் இன்ஜின் மாற்றி, நாலு கை மாறி அவரிடம் வந்தது. கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். மலையும் இல்லாத, காடும் இல்லாத ஆவடியில் இது எதற்கு என்று கேட்டவர்கள் அப்போதைய அண்ணனூரைப் பார்க்காதவர்கள். ஸ்டேஷனைத் தாண்டினால் பிளாட் போட்ட நிலம், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு, ரோடு என்று எதுவும் கிடையாது. ஐப்பசி மழை பிடித்தால் களிமண்ணில் சைக்கிள்கூட நிற்கும். ஆட்டோக்காரர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மாமாவின் ஜீப் மட்டும் போகும். அந்த வீடுகளின் பதினோரு பிள்ளைகளை முகப்பேர் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் இறக்கினார். முதல் மழைக்காலம் முழுக்க அவர்தான் அந்தப் பக்கத்து ராஜா.

அடுத்த கோடையில் புகை ஆரம்பித்தது. நின்றிருக்கும்போது ஒன்றும் தெரியாது. பிள்ளைகளோடு வேகம் எடுத்தால் பின்னால் கன்னங்கரேலென்று திரளும். ஜீப்பின் பின்பக்கம் திறந்துதானே இருக்கும். அந்தப் புகை அப்படியே சுருண்டு உள்ளே வரும். திங்கட்கிழமையும் புதன்கிழமையும் பிள்ளைகளுக்கு வெள்ளை யூனிஃபார்ம்.

இங்கேதான் நான் வருகிறேன். டிப்ளமா முடித்து அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தேன். மைக்ரோமீட்டரைப் பிடித்து அளந்து, ஒரு முடியின் பருமனில் பாதி கூடினாலும் 'ரிஜெக்ட்' என்று எழுதும் வேலை. இருபத்துமூன்று வயதில் அந்த அதிகாரம் தலைக்கேறாமல் இருக்குமா? வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் இன்ஜினைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருந்தேன். மாமாவுக்கு என் படிப்பின் மேல் பெரிய மரியாதை. யாரிடம் போனாலும், "இவுரு நம்ம மச்சான், எஸ்டேட்ல எஞ்சினீரு" என்பார். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

"டீசல் அதிகமா எரியுது மாமா. நாசில் போயிருக்கும்" என்றேன். டீசலைப் பீய்ச்சும் அந்த நாசில் நாலையும் கழற்றி மாற்றினார். புகை போகவில்லை. "அப்ப டீசல் பம்புதான்" என்றேன். பாடியில் பம்ப் கடை வைத்திருந்த பாய் இறக்கிப் பார்த்துவிட்டு, "பம்பு நல்லாத்தான் கீது தம்பி. காத்து போற வழியப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "ஏர் ஃபில்டர் புதுசு பாய். ஓஸும் பார்த்துட்டேன்" என்றேன். பார்த்ததும் உண்மைதான். ஃபில்டரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் அந்த ரப்பர் குழாயைத் துணியால் துடைத்து, வெளியே விரிசல் இல்லை என்று அமுக்கிப் பார்த்தேன். கழற்றவில்லை. நான் பிடித்த பிடியில் பாய் பம்பில் டீசலைக் குறைத்துவைத்தார். புகை குறைந்தது. கூடவே இழுவையும் போனது. மறுவாரம் கோடைமழையில் அண்ணனூர் சேற்றில் பதினோரு பிள்ளைகளோடு வண்டி உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. மாமா ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி ஸ்டேஷன்வரை கொண்டுபோய் விட்டாராம். பம்பை மறுபடி பழையபடியே வைக்கச் சொன்னோம்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஜீப்பின் பின்னால் தார்ப்பாய் கட்டினார். உள்ளே பிள்ளைகள் வெந்துபோனார்கள். சைலன்சர் குழாயை டிராக்டர் மாதிரி மேலே தூக்கிவிட்டார். ஆவடி மார்க்கெட்டில் ஒருவன் "ரயிலு வர்து, கேட்டப் போடு" என்று கத்த, கடைத்தெருவே சிரித்தது. மாமாவும் சிரித்தார். வீட்டுக்கு வந்து குழாயைக் கழற்றிப் போட்டார்.

ஒருநாள் காலையில் நானும் வண்டியில் இருந்தேன். ஒரு பிள்ளையின் அம்மா வாசலில் தயங்கி நின்றாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. நாளைலேர்ந்து நாங்களே பஸ்ல விட்டுடறோம்."

"பரவால்லமா. கொயந்த ஒடம்புதாம்மா முக்கியம்" என்றார் மாமா. வண்டி கிளம்பிய பிறகு, ரோட்டையே பார்த்துக்கொண்டு, "அந்தம்மா சொல்றதும் நாயந்தான மச்சான்" என்றார். நான் உடனே, "இன்ஜினைத் திறந்துடலாம் மாமா. பிஸ்டன் ரிங் தேய்ஞ்சிருக்கும்" என்றேன். ஏதாவது சொல்லவேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று இப்போது எழுதமுடிகிறது. அப்போது என் குரலில் ஒரு சந்தேகமும் இருந்திருக்காது.

இன்ஜினைத் திறந்தார்கள். அக்காவின் வளையல் போனது. மூன்று வாரம் ஜீப் வெறும் கூடாகக் கிடந்தது. ஒர்க்‌ஷாப் வாசலில் முக்காலி போட்டு மாமா காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்திருப்பார். பூட்டி முடித்து ஓட்டினால் அதே புகை. அதற்குள் ஒரு புது வேன்காரர் வந்து மிச்சப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். திறந்தவெளியில் நிறுத்திய ஜீப்பை மாமா தினமும் கழுவினார். ஏறி உட்காரவில்லை.

கடைசியில் திருவள்ளூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருந்த ஒருவர் வாங்க வந்தார். பேசி, கையெழுத்தாகி, சாவி கைமாறியது. அவர் கூட்டிவந்த டிரைவர், கைலி கட்டிய ஒல்லி மனுஷன், பானெட்டைத் தூக்கிவைத்து ஒரு கையால் ஆக்ஸிலேட்டர் கம்பியை இழுத்தான். இன்னொரு கை அந்த ரப்பர் குழாயின் மேல் இருந்தது. சட்டென்று கிளிப்பைத் தளர்த்திக் குழாயை உருவி, உள்ளே விரலை விட்டான்.

"இன்னாண்ணே இது? ஓஸு உள்ளாற உரிஞ்சி தொங்கினு கீது. வண்டி இஸ்க்கும்போது இது மூடிக்கிது. காத்தே போவலியேண்ணே!"

குழாய் இல்லாமலே வண்டியை எடுத்துத் தெருக்கோடிவரை வேகமாக ஓட்டித் திரும்பி வந்தான். புகை இல்லை. பின்னால் கொஞ்சம் புழுதி மட்டும் கிளம்பியது.

"ஒரு ஓஸு மாத்தினா போதும்ணே" என்றான் சிரித்துக்கொண்டே. பாவம், அவனுக்கென்ன தெரியும்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் பிடித்துக்கொண்டிருப்பேன். ஜீப் திருப்பம் தாண்டும்வரை நின்றார். பிறகு, "வா மச்சான், டீ குட்ச்சிட்டு வரலாம்" என்றார். கடையில் அவர் கிளாஸில் ஆடை படிந்தது. குடிக்கவில்லை.

அடுத்த வாரமே எஸ்டேட்டில் ஒரு கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவராகச் சேர்ந்துவிட்டார். காக்கிச் சட்டை. என்னிடம் எப்போதும்போலப் பேசினார், மகளின் கல்யாணத்துக்கு முதல் பத்திரிகையை எனக்குத்தான் வைத்தார். ஆனால் எதிலும் என் யோசனையைக் கேட்கவில்லை. வாரம் தவறாமல் அவர்கள் வீட்டில் சாப்பிட்டவன், மாதம் ஒருமுறை ஆனேன். பிறகு கிறிஸ்மஸ், ஈஸ்டர் என்று ஆனேன்.

பாயின் கடை இருந்த இடம் பாடியில் மேம்பாலத்துக்கு அடியில் போய்விட்டது. அண்ணனூரில் கால் வைக்கச் சேறு கிடையாது. சிமெண்ட் ரோடும் மாடி வீடுகளும்தான். அந்தப் பதினோரு பிள்ளைகளும் நாற்பதைத் தாண்டியிருப்பார்கள். எங்கே இருக்கிறார்களோ.

மாமா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அக்கா மகளோடு பெங்களூரில் இருக்கிறாள். ஒருமுறை போனில், நான் கேட்காமலே சொன்னாள்:

"ஜீப் விஷயத்துல உம்மேல அவருக்குக் கோவமே இல்லடா. ஒரு நாள்கூட உன்ன ஒரு வார்த்தை சொன்னதில்ல."

ஆறுதலாகத்தான் சொன்னாள். அவர் திட்டியிருந்தால் நானும் எதிர்த்துப் பேசியிருப்பேன். நாலு மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு யாராவது ஒருவர் முதலில் பேசியிருப்போம். சண்டையே போடாததால் சமாதானமும் ஆகவில்லை. மன்னிப்புக் கேட்க முப்பது வருஷம் இருந்தது. மூன்று தெரு தள்ளித்தான் அவரும் இருந்தார். நான் கேட்கவில்லை.