இரண்டு விரல் இடம்

இன்லண்ட் கடிதம் எழுதுகிறவர்கள் இப்போது யாரும் இல்லை. என் மேசை இழுப்பறையில் பழையது ஒன்று கிடக்கிறது. நீலம் வெளுத்துவிட்டது. மடிப்புகளில் காகிதம் இற்றுப்போய் ஒரு பக்கம் தனியாகத் தொங்குகிறது. முகவரிக்குக் கீழே ஒரு பெருவிரல் தடம் மங்கலாகத் தெரியும், சுண்ணாம்பு. உள்ளே கையெழுத்து என்னுடையது. இருபத்தொரு வயதில் நான் அவ்வளவு அழகாக எழுதினேன் என்பது இன்று பார்க்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது.

எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில், பின்வாசல் காயலைப் பார்த்திருந்த சுக்கு மூட்டைகள் அடுக்கிய ஒரு கிட்டங்கியில் நான் டைப்பிஸ்ட். வேலை ஆங்கிலத்தில், பேச்சு மலையாளத்தில், ஆசை தமிழில். பள்ளியில் படித்ததும் மலையாளம்தான். வீட்டுப் பேச்சாக மட்டும் இருந்த தமிழை, சென்னையிலிருந்து நான்கு நாள் தாமதமாகக் கடைக்கு வரும் வாரப் பத்திரிகைகளை வைத்துக்கொண்டு நானாக எழுதிப் பழகினேன். டைப் அடித்துக் கெட்டுப்போன தாள்களின் பின்பக்கத்தில், மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கதை எழுதுவேன். அனுப்புவேன். தபால்தலை ஒட்டி நான் வைத்த உறையிலேயே அது திரும்பி வரும். கிட்டங்கிக் கணக்கர் அந்த உறையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுகொள்வார். “கதை போயி வந்தோ?” என்று, ஊருக்குப் போய்த் திரும்பிய ஆளை விசாரிப்பதுபோலக் கேட்பார்.

ஒருமுறை திரும்பி வந்த கதையின் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு வரி இருந்தது. முடிவில் எல்லாவற்றையும் சொல்லிவிடாதீர்கள், ஒரு காட்சியோடு நிறுத்தப் பழகுங்கள் என்று எழுதியிருந்தார் யாரோ ஓர் உதவி ஆசிரியர். அதுவரை ஒருவரும் எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். எதை எழுதினாலும் கடைசிப் பத்தியை வெட்டினேன். அத்தைக்கு எழுதிய பொங்கல் வாழ்த்தில்கூட வெட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கிட்டங்கி முற்றத்தில் முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, சுண்ணாம்பில் புரட்டி உலர்த்திய சுக்கைத் தரம் பிரிப்பார்கள். முழங்கைவரை வெள்ளையாக இருக்கும். அவர்களில் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஓர் அக்காவுக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்துவந்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. மாதம் ஒரு கடிதம் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு. அவர் படிக்க அம்மா கேட்பாள். எழுதி முடித்ததும் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்பது அக்காவின் சட்டம். கேட்டுவிட்டு, அவளே ஈர விரலால் ஒட்டுவாள்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கடிதங்கள் எனக்குப் பயிற்சித் தாள்கள். “எல்லாரும் சொகம்னு போடு பாப்பா” என்பாள் அக்கா. நான் காயலில் போகும் படகைப் போடுவேன், சாயாக்கடைப் புகையைப் போடுவேன். அவளும் தடுக்கமாட்டாள். ஊரில் இந்தக் கடிதங்களைத் தெருவே கூடிக் கேட்கிறது என்று அண்ணன் பதில் எழுதியபோது எனக்குத் தலை கால் புரியவில்லை. என் எழுத்துக்குக் கிடைத்த முதல் வாசகர்கள் அவர்கள்.

ஆனி மாதம், மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம் அக்கா என் மேசைக்கு அருகில் தரையில் வந்து உட்கார்ந்தாள். அவள் புருஷன் மூட்டை தூக்குகிறவன். பக்கத்துச் சுள்ளிக்கல்லில் ஒற்றை அறை வீடு. அந்த அறைக்கே இன்னொருத்தியைக் கூட்டிவந்துவிட்டான். நடுவில் ஒரு சேலை கட்டியிருக்கிறதாம். சேலைக்கு இந்தப் பக்கம் அக்காவும் ஆறு வயது மகளும். இதைச் சொல்லும்போது அக்கா அழவில்லை. “அதையெல்லாம் எழுதாத. அம்மா தாங்கமாட்டா. கடைசியா ஒரு வரி மட்டும் போடு. அண்ணே, ஒடனே வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போன்னு.”

தானாகவே பஸ் ஏறிப் போயிருக்கலாமே என்று இன்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் வழக்கத்தில் அது முடியாது. அண்ணன் வந்து அழைத்துப் போனால் அவள் தாய்வீட்டுக்கு வந்த பெண். தானாகப் பிள்ளையோடு வாசலில் போய் நின்றால் வாழாவெட்டி, ஊரில் இருக்கும் அவள் தங்கையின் கல்யாணம்கூட நின்றுபோகும். அந்த ஒரு வரிதான் அவளுக்கு வழி.

நான் மழையிலிருந்து ஆரம்பித்தேன். ஓட்டுக்கூரையிலிருந்து விழும் தண்ணீர், நனையாமல் இருக்கத் தார்ப்பாய் போர்த்திய சுக்குக் குவியல், அதன் அடியில் ஒண்டிக்கொண்ட பூனை. எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் பக்கத்தின் கடைசியில், காயலில் மழை விழுவதும் அக்கரை மறைவதுமாக ஒரு வாக்கியம் அமைந்தது. நிமிர்ந்து பார்த்தால் இடம் முடிந்திருந்தது. ஒட்டும் மடிப்பின் உள்பக்கம் இரண்டு விரல் அகலத்தில் இடம் மிச்சம் உண்டு. எல்லோரும் கடைசிச் செய்தியை அதில்தான் நெருக்கி எழுதுவார்கள். எனக்கு அது பிடிக்காது. அதோடு, அந்த வாக்கியத்துக்குப் பிறகு இந்த வரியா என்று இருந்தது. அடுத்த கடிதத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அக்கா காத்துக்கொண்டிருந்தாள். படித்துக் காட்டினேன். மழை வாக்கியம் முடிந்ததும், தாளில் இல்லாத அந்த வரியையும் சேர்த்துப் படித்தேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அக்கா தலையை ஆட்டிவிட்டு, விரலை நாக்கில் தொட்டு ஒட்டினாள்.

பதினைந்து நாள் அவள் தெருவாசலைப் பார்க்கிற மாதிரி இடம் மாற்றி உட்கார்ந்தாள். பிறகு பதில் வந்தது. எல்லோரும் சுகம், மழையை அம்மா இரண்டு தடவை படிக்கச் சொன்னாள், நீ நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

“வாரேன்னு இல்லையா?”

“இல்லக்கா.”

“சரி” என்று எழுந்து போய்விட்டாள். மறுபடி கேட்க அவளுக்குக் கூசியது. அதன்பின் கடிதம் எழுதச் சொல்லி அவள் என்னிடம் வரவே இல்லை.

முகவரி என்னிடம் இருந்தது. நானே ஒரு கார்டு எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் இல்லாத வரியைப் படித்தேன் என்று அக்காவிடம் சொல்ல வேண்டியிருக்கும். வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இன்று, நாளை என்று தள்ளியதில் உள்ளே ஏதோ மரத்துப்போனது. ஊசி போட்ட பிறகு பல் இருக்கிற இடம் தெரியாதே, அந்த மாதிரி. அந்த வருடமே, அண்ணனுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிக் கதை எழுதினேன். மழையோடு நிறுத்தினேன். அது அச்சில் வந்தது. கணக்கர் எல்லோருக்கும் சாயா வாங்கிக் கொடுத்தார். அக்காவும் குடித்தாள். எனக்கு மகிழ்ச்சியும் இல்லை, குற்றவுணர்ச்சியும் இல்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு டைப் அடித்தேன்.

ஏழு வருடம் கழித்து அக்காவின் மகள் பெரியவளானாள். தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டும் அல்லவா? அதற்காக அண்ணன் முதல்முறையாகக் கொச்சிக்கு வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறை நடுவே அந்தச் சேலை இன்னும் தொங்கியது. தாம்பாளத்தில் பட்டுப்பாவாடைக்கு மேல் ஒரு நீலக் கடிதம் இருந்தது. பாட்டி பேத்திக்குக் கொடுத்தனுப்பியதாம். பெண் பிரித்துப் பார்த்துவிட்டு விழித்தாள். அவளுக்கு மலையாளம்தான் படிக்கத் தெரியும். “சேச்சி வாயிக்கட்டே” என்று, என்னைப் படிக்கச் சொல்லி நீட்டினாள்.

படித்தேன். கூரைத் தண்ணீர், தார்ப்பாய், பூனை. அக்கரை மறைந்த இடத்தில் நின்றேன்.

“அப்புறம்?” என்றாள் அக்கா.

நான் வாய் திறக்குமுன் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார்: “அவ்வளவுதான் தாயி. மழையோட முடிஞ்சிரும். அம்மாவுக்கு மனப்பாடம். எம்மவ அங்கன ராணி மாதிரி இருக்கான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சா.”

அக்கா என்னைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கணக்கைச் சரிபார்த்து முடித்தவள் மாதிரிப் பார்த்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, “சாயா ஆறுது, குடிங்க” என்றாள்.

நான் கிளம்பும்போது அந்தக் கடிதத்தை என் கையில் வைத்தாள். “நீயே வச்சுக்க பாப்பா. உன் எழுத்துதான.”

அதன்பின் எத்தனையோ கதைகள் எழுதிவிட்டேன். முடிவுகளை நான் நன்றாக எழுதுகிறேன் என்று சொல்கிறார்கள். அப்படி யாராவது சொன்ன நாளில் இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுப்பேன். அழுகை வராது. ஒட்டும் மடிப்பின் உள்பக்கம் நீலமாக, வெறுமையாக இருக்கிறது. அதில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பேன். அண்ணே, உடனே வந்து என்னையும் பிள்ளையையும் கூட்டிட்டுப் போ. பொடி எழுத்தில் எழுதினால் அதையே இரண்டு தடவை எழுதலாம்.