சலவைக்குப் போன கையெழுத்து

போன வாரம் ஜொகூர் பாருவில் பழைய காசு, தபால் தலை விற்கிற கடை ஒன்றுக்கு மகன் என்னைக் கூட்டிப் போனான். கண்ணாடிக்குள்ளே ஒரு வெள்ளி நோட்டு, அந்தக் காலத்து டாலர். அதன் மேல் நாலைந்து பேர் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். "சண்டைக்குப் போன சோல்ஜருங்க ஞாபகத்துக்குப் போட்டு வச்சதாம்பா. கிறுக்கினதாலதான் வெலை ஜாஸ்தியாம்," என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படி ஒரு நோட்டை எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்து, பளிச்சென்று வெளுத்துக் கொடுத்த மகானுபாவன் நான். மகனிடம் இதைச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம், சிரித்துவிட்டு மறந்துவிடுவீர்கள்.

அந்தக் காலத்தில் லாபிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எங்கள் சலவைக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அத்தாப்பு ஓலைக் கூரை, ஒரு தொட்டி, இரண்டு கரி இஸ்திரிப்பெட்டி, நான், என் சம்சாரம் பாக்கியம், அவ்வளவுதான். கஞ்சி கொதிக்கிற வாசனையும் கரிப்புகையும் எந்நேரமும் இருக்கும். இப்போதும் யார் வீட்டிலாவது கஞ்சி காய்ச்சினால் எனக்குப் பசிப்பதில்லை, சட்டைக் காலர்தான் ஞாபகம் வருகிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் உட்கார்ந்தவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. பாக்கியத்துக்கு எழுத்து வாசனையே கிடையாது. ஆனால் துணிக்குக் குறி போடுகிற வேலை அவளுடையது. சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற பாலைத் துணியின் உள்மடிப்பில் வைத்து, மேலே சுண்ணாம்பைத் தொடுவாள். கறுப்பாகப் பிடித்துக்கொள்ளும். துணி கிழியும், குறி போகாது. ஆளுக்கொரு குறி, ஒருத்தருக்கு மூன்று புள்ளி, இன்னொருத்தருக்குப் பிறை என்று. எத்தனை நூறு துணி வந்தாலும் குறியைப் பார்த்து, இது இன்னாருடையது என்று பிரித்து வைப்பாள். சேங்கொட்டைப் பால் பட்டு அவள் விரலெல்லாம் கொப்புளம்.

அக்கம்பக்க ரப்பர் தோட்டங்களில் ஆறு வெள்ளைக்காரச் சின்னத் துரைமார் இருந்தார்கள். ஆறு பேரும் கல்யாணம் ஆகாதவர்கள், ஆறு பேரும் கூட்டாளிகள், ஆறு பேர் துணியும் எங்களிடம்தான். முதல் உலகச் சண்டை வந்ததும் சீமைக்குப் போய்ப் பட்டாளத்தில் சேருகிறோம் என்று ஒன்றாக ரயில் ஏறிவிட்டார்கள். புதிதாக வந்த துரைகளுக்கு அந்த ஆறு குறியில் ஒன்றைக்கூடப் பாக்கியம் கொடுக்கவில்லை.

"அவங்க திரும்பி வந்தா எதைப் போடறதாம்?" என்பாள்.

"ஆமா, தொரை சண்டையை விட்டுட்டு உன் மூணு புள்ளியைத் தேடி ஓடி வரப்போறாரு!" என்று நான் கேலி பண்ணுவேன்.

சண்டை முடிந்து ஒருவர்தான் வந்தார். நெட்டைத் துரை. கையில் தடி, ஆள் பாதியாக இளைத்துப்போயிருந்தார். அவர் கோட்டு சலவைக்கு வந்தது. உள்பையில் ஒரு வெள்ளி நோட்டு, அதன் மேல் மையால் ஒரே கிறுக்கல். எங்கள் தொழிலில் ஒரு மானம் உண்டு: பையில் கிடைத்தது பித்தானாக இருந்தாலும் துணியோடு திரும்பிப் போகும். நான் அதற்கும் ஒரு படி மேலே போனேன். பாவம், எவனோ குடிகாரன் கிறுக்கிவிட்டான், இதை எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்து, பதமாகத் தேய்த்து, வெயில் காட்டி, லேசாகக் கஞ்சி தடவி, இஸ்திரியும் போட்டேன். நாலெழுத்து படித்த எனக்கு, அது பேர்களாக இருக்கும் என்று தோன்றவே இல்லை பாருங்கள்!

துரை கோட்டை வாங்க வந்தார். நோட்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுலே எழுத்து இருந்துச்சே?"

"சுத்தமா எடுத்துட்டேன் தொரை! ஒரு பொட்டு மை இல்லே, பாருங்க!" இனாம் வரும் என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அவர் தொட்டி விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் கூட்டாளிங்க எழுதினது. கப்பல் ஏறும்போது ஆறு பேரும் எழுதினோம். அஞ்சு பேரும் செத்துப்போச்சு. வேறே ஒண்ணும் என்கிட்டே இல்லே."

அவர் என்னை அடித்திருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

பாக்கியம் உள்ளேயிருந்து சேங்கொட்டையும் ஊசியுமாக வந்தாள். "ஏங்க, அந்த நோட்டை வாங்கிக் கொடுங்க," என்றாள் என்னிடம். இஸ்திரிப் பலகையில் நோட்டை விரித்து மூன்று புள்ளி வைத்தாள். "இது சட்டைக் கையிலே எப்பவும் மையைக் கொட்டிக்குவாரே, அந்தத் தொரை." துரை ஒரு பேரைச் சொன்னார். பிறை மாதிரி ஒன்று. "இவரு முழங்காலு கிழியாம ஒரு கால்சட்டை வந்ததில்லே." துரை சிரித்துக்கொண்டே இன்னொரு பேரைச் சொன்னார். அடுத்தவர் காலரில் எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கடுத்தவர் சாப்பிடும்போது சட்டையில் கறியாணம் ஊற்றிக்கொள்கிறவர். ஐந்தாமவர் பைக்குள் வேர்க்கடலைத் தோல். கடைசியில் துரையுடைய குறி, கோடும் இரண்டு புள்ளியும். முடிக்கும்போது அவர் கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நான் எடுத்த பேர்களை, எழுதத் தெரியாதவள் திருப்பிப் போட்டுவிட்டாள். பிள்ளை காதில் விழாமல் இதைச் சொல்லிச் சொல்லியே அவள் ஆயுசு பூராவும் என்னை வாயடைத்தாள்.

துரை கிளம்பும்போது, "உன் குறியும் போடு," என்றார்.

"எனக்கு ஏது தொரை குறி? வண்ணான் வீட்டுத் துணிக்கு யாரு குறி போடுவா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

துரை சீமைக்கே போய்விட்டார். லாபிஸ் கடை இருந்த இடத்தில் இப்போது பெட்ரோல் பங்க். சலவைக்குக் காகிதச் சீட்டுக் குத்தித் தருகிறார்கள், வீட்டுக்கு வந்ததும் கிழித்துப் போட்டுவிடுகிறோம். பாக்கியம் போய்ப் பன்னிரண்டு வருஷம். அவள் போன மறுவாரமே, கை சும்மா இருக்குமா, அவள் கடைசியாக உடுத்தியிருந்த சேலையை எடுத்து, நன்றாக அலசி, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன். போன வாரம் அந்தக் காசுக் கடையிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறந்து அதை முகத்தில் வைத்துப் பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.