ஸ்டெல்லாவின் ஊக்குகள்

நேற்று காலை லிஃப்டில் மூன்றாம் மாடிப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்து, "என்ன மேடம், செமயா இளைச்சிட்டீங்க! என்ன டயட்டு?" என்று கேட்டாள். ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு, வேறொன்றுமில்லை. ஆனாலும் பாருங்கள், எனக்குள் ஜிலுஜிலுவென்று ஒரு சந்தோஷம். தரைத்தளம் வருவதற்குள் தேங்க்ஸ்கூடச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து, தொளதொளத்த சுடிதாரை இடுப்பில் ஊக்கு குத்தி இறுக்கும்போதுதான் ஸ்டெல்லா நினைவுக்கு வந்தாள். வெட்கமாகப் போயிற்று.

ஸ்டெல்லா என்னோடு தொம்மலூர் ஆபீசில் வேலை பார்த்தவள். பக்கத்துப் பேட்டையான மர்பி டவுன்காரி. ஞாயிறு பூசை முடிந்ததும் ஜோகுபாளையம் பக்கம் ஒரு திடலில் த்ரோபால் ஆடுவாள். அவள் எறிந்த பந்தைப் பிடித்தால் இரண்டு நாளைக்குக் கை எரியும். நல்ல பருத்த உடம்பு. நான்கு மாடி ஏறினால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். ஆனால் "கொஞ்சம் கொறைக்கலாமே" என்று எல்லாரும் சொல்வது அவளிடம்தான். போட்டோ என்றால் பின்வரிசைக்கு ஓடிவிடுவாள்.

அப்போது எனக்குப் பெண்ணியம் புதிதாகத் தலைக்கேறியிருந்தது. ஆபீஸ் பெண்களைச் சேர்த்து ஒரு வட்டம் ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை மதியம் லேடீஸ் ரூமில் கூடுவோம். முதல் பாதி பேச்சு: நம் உடம்பு யாரோ பார்த்து மார்க் போடுவதற்கல்ல, நமக்கானது. அடுத்த பாதி, எடை பார்ப்பது. சிரிக்காதீர்கள், அதை ஆரோக்கியம் என்றுதான் நினைத்தோம். மெஷினை வாங்கிப் போட்டதே நான்தான். அந்த வாரம் அதிகம் குறைத்தவளுக்குப் பரிசு, எதிர் பேக்கரி எக் பஃப்ஸ். இந்த அறிவை எங்கே போய்ச் சொல்ல!

நான்கு வாரம் தொடர்ந்து ஸ்டெல்லாவுக்கே பரிசு. வாங்கி என்னிடம் நீட்டுவாள்.

"நீயே துன்னுப்பா. ரெண்டு வாய் வெச்சாலே வயிறு ரொம்பிடுது."

"இதான்டி கன்ட்ரோலு! கத்துக்கோங்க!" என்றேன் மற்றவர்களிடம், வாய் நிறைய பஃப்ஸோடு.

அவள் இடுப்பில் வாரத்துக்கொரு ஊக்கு கூடியது. எண்ணிக் கைதட்டினோம். ஒருநாள் மட்டும், "அடிவயித்துல என்னமோ கனமா இருக்குது" என்றாள். கிளினிக் போனாளாம். வெயிட் குறைந்தால் நல்லதுதானே என்று டாக்டர் அனுப்பிவிட்டாராம். அவரைத் திட்ட எனக்கு வாயில்லை. நானும் அதையேதான் சொன்னேன்.

மகளிர் தினத்தன்று நான் மேடையில் பேசினேன், அதே 'நம் உடம்பு நமக்கானது' பேச்சு. முடித்த கையோடு, ஒன்பது கிலோ குறைத்ததற்காக ஸ்டெல்லாவின் தலையில் தங்கக் காகிதக் கிரீடம் வைத்தேன். "இன்னிக்கு ஓடமாட்டேன்பா" என்று சிரித்தபடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாள். மழைக்காலத்தில் சினைப்பையில் கேன்சர் என்று தெரிந்தது. பரவியாகிவிட்டது என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு அவள் இல்லை.

துக்கத்துக்குப் போனபோது பெட்டியின் தலைமாட்டில் அதே போட்டோ, பெரிதாக்கி வைத்திருந்தார்கள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுலதாம்மா ஒல்லியா, அழகா கீறா. பழசையெல்லாம் குண்டா இருக்கேன்னு அவளே கிழிச்சிப் போட்டுட்டா."

"ஆமாம்மா, அழகா இருக்கா" என்றேன். பாவி, வேறு என்ன சொல்வேன்?

அந்தத் திடல் இப்போது இல்லை. அங்கே எழும்பிய கட்டடத்தின் முதல் மாடியில் ஜிம். கண்ணாடிக்குப் பின்னால் பெண்கள் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் என்ன, இன்று காலையும் எடை மெஷினில் ஏறினேன். ஒன்றரை கிலோ குறைவு. இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தச் சந்தோஷம் வரத்தான் செய்தது.

பந்து எறிந்த ஸ்டெல்லாவின் படம் இன்று யாரிடமும் இல்லை. என்னிடம் ஆபீஸ் குழுப் படம் ஒன்று இருக்கிறது. அதில் ஏழு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம். எட்டாமவள் எங்களுக்குப் பின்னால் குனிந்து ஒளிந்துகொண்டாள். என் தோள்மேல் கொழுகொழுவென்று ஒரு கை மட்டும் தெரிகிறது.