கடை ஆயிலும் நனைந்த சாக்கும்

2007 கோடை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு எங்கள் டிராக்டரில் தண்ணீர் டேங்க் இழுத்துக்கொண்டிருந்தேன். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்திருந்தேன். எழுதிப்போட்ட வேலைகளுக்குப் பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகாது. எங்களுடையது மானாவாரி நிலம். கோடையில் உழவு கிடையாது. அந்த மாதங்களில் கம்பெனித் தண்ணீர் ஓட்டத்தை நம்பித்தான் வீட்டில் உலை வைத்தோம். அப்பாவுக்கு மூட்டுவலி வந்து கிளட்ச் மிதிக்க முடியாமல் போனதால் வண்டி என் கைக்கு வந்தது.

வந்ததும் நான் செய்த முதல் காரியம் ஆயிலை மாற்றியது. அப்பா எப்போதும் பெரிய கம்பெனி ஆயில்தான் ஊற்றுவார். விருதுநகரில் உழவுச் சாமான் விற்கும் கடை ஒன்றில், கடைக்காரர் தன் கடைப் பெயரையே அச்சிட்டு ஒரு ஆயில் வைத்திருந்தார். ஏறக்குறைய பாதி விலை. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த தரக் குறியீட்டைப் படித்தேன். டிராக்டரோடு வந்த கையேட்டைப் பெட்டியிலிருந்து தேடி எடுத்து ஒப்பிட்டேன். இரண்டும் ஒன்றேதான். பிறகென்ன, ஊர் டீக்கடையில் என் பிரசங்கம் ஆரம்பமானது.

"டப்பாவுக்கும் டிவி விளம்பரத்துக்கும் காசு குடுக்கீக. உள்ள இருக்கிற சரக்கு ஒண்ணுதான்" என்றேன்.

"ஏலே, டப்பாவப் படிச்சிட்டே, சரி. வண்டியப் படிச்சியா?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கேள்வியை அவர் கிண்டலுக்குத்தான் கேட்டார். நானும் கிண்டலாகவே எடுத்துக்கொண்டேன்.

வண்டி நன்றாகவே ஓடியது. சில வாரங்கள் கழித்து அளவுக்கம்பியை உருவிப் பார்த்தால் ஆயில் குறைந்திருந்தது. கொஞ்சம் ஊற்றினேன். பிறகு மறுபடியும் குறைந்தது. மறுபடியும் ஊற்றினேன். சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு டப்பா வைத்துக்கொள்வது பழக்கமாகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலமாகப் புகை வரும்.

"அடிக்கடி ஊத்துற மாதிரி இருக்கே" என்றார் அப்பா.

"விலை கம்மிதானப்பா. ஊத்திட்டுப் போவோம்" என்றேன். சமாதானமாகத்தான் இருந்தது, எனக்கும் அவருக்கும்.

கம்பெனி கேட்டில் தீப்பெட்டி, செல்போன் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, சைலன்சர் வாயில் தீப்பொறி பறக்காமல் தடுக்கும் கம்பி வலைக்கூடு ஒன்றை மாட்டித்தான் வண்டியை உள்ளே விடுவார்கள். உள்ளே வேப்பமரங்களுக்கு நடுவில் தள்ளித் தள்ளி சிறு சிறு அறைகள். ஒவ்வொரு அறையிலும் மூன்று நான்கு பெண்கள் உட்கார்ந்து வெடிக் குழாய்களுக்குள் மருந்து அடைப்பார்கள். அறைகளைத் தாண்டி, வெடிகளை வெயிலில் காய வைக்கும் சிமெண்டு மேடை. மேடைக்கு அந்தப் பக்கம் நான் நிரப்ப வேண்டிய தொட்டி.

என் வண்டி நுழைந்ததும் அந்த வரிசை அறைகளில் இருந்து பெண்கள் எல்லாரும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். சிலர் இடுப்பில் குடம் இருக்கும். எங்கள் தெருவிலிருந்து வேலைக்கு வரும் ஒரு அத்தை எப்போதும் முன்னால் நிற்பார். உறவில் அத்தை இல்லை. சிறுவயதிலிருந்து அப்படிக் கூப்பிட்டுப் பழக்கம். தோளில் ஒரு சாக்கு, சொட்டச் சொட்ட நனைந்து தொங்கும். குடத்தைச் சுற்றிக் கட்டித் தண்ணீரைக் குளிர வைக்கப்போகிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

"வந்துட்டாருய்யா எங்க தண்ணி மகராசா! மருமகனே, கல்யாணத்துக்கும் இந்த வண்டியிலதான் ஊர்வலமா?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் தொட்டியை நிரப்பித் திரும்பும்வரை மரத்தடியிலேயே நிற்பார்கள். அவர்களுக்கு எத்தனை செய்தார்களோ அத்தனைக்குத்தான் கூலி. இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வருகிறார்களே என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த வெயிலில் தண்ணீர் கொண்டு வருகிறவனைப் பார்த்தால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தித் தலை சீவிக்கொண்டு போவேன்.

ஒருநாள் தொட்டியில் எங்கோ கசிந்து பாதை சேறாகியிருந்தது. முழு டேங்கோடு பின்சக்கரம் புதைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். இன்ஜின் திணறியது, கரும்புகை தள்ளியது. இன்னும் அழுத்தினேன்.

"நிப்பாட்டுலே! வண்டிய நிப்பாட்டு!"

அத்தையின் குரல். இன்ஜினை நிறுத்தித் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் ஓடியே விட்டார். மேடையின் ஓரத்தில் காய்ந்த புல் புகைந்துகொண்டிருந்தது. அத்தை சாக்கை அதன்மேல் விரித்துப் போட்டுக் காலால் மிதித்தார். இன்னொரு அக்கா குடத்தை அப்படியே கவிழ்த்தார். மற்றவர்கள் அறைகளுக்கு எதிர்ப்பக்கமாக ஒதுங்கியிருந்தார்கள். ஒருவரும் அலறவில்லை. நான் சீட்டிலிருந்து இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்று காலையில் காய வைத்த வெடிகள் மேடையில் பரந்து கிடந்தன. கை நீட்டினால் தொட்டுவிடும் தூரம்.

சைலன்சர் வலைக்கூட்டின் ஒரு மூலை சூட்டில் வெந்து பிய்ந்திருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இன்ஜின் ஆயிலைக் குடித்து எரித்திருக்கிறது. அந்தக் கரி சைலன்சருக்குள் படிந்து கிடந்து, இன்ஜின் திணறியபோது தீக்கங்காகித் தெறித்திருக்கிறது. நான் படித்த பாடம்தான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன்.

"அத்தே, சாக்கு எதுக்கு நனைச்சு வச்சிருந்தீக?" என்று கேட்டேன்.

அத்தை குனிந்து சாக்கை எடுத்துப் பிழிந்தார். "சொல்லிரு மதினி. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது?" என்றார் குடத்தைக் கவிழ்த்த அக்கா.

"உன் வண்டிக்குத்தான்யா" என்றார் அத்தை. "ஒரு நாள் சாயங்காலம் மேகம் போட்டு இருட்டிக்கிட்டு இருந்துச்சு. அன்னைக்குப் பாத்தோம், உன் வண்டிக் கொழாயிலருந்து செவப்பா ரெண்டு பொட்டு பறந்துச்சு. வெயில்ல கண்ணுக்குத் தெரியாதுல்ல. அதுலருந்து உன் வண்டி சத்தம் கேட்டா நாங்க உள்ள இருக்கிறதில்ல."

"என்கிட்டச் சொல்லிருக்கலாமே அத்தே!"

"சொன்னா நீ சும்மா இருப்பியா, உங்கய்யாட்டச் சொல்லுவே. அங்கன இங்கன பேச்சாகி போர்மேன் காதுக்குப் போனா ஓட்டத்தை நிப்பாட்டிருவாக. இந்தக் கோடையில உங்க வீட்டுல அடுப்பு எப்படி எரியும்? எங்களுக்கென்ன, செத்த நேரம் வெளிய நின்னாப் போச்சு."

எனக்குச் சந்தோஷமாக வரவேற்புக் கொடுத்தார்கள் என்று நான் நினைத்த அத்தனை நாளும், அவர்கள் உயிருக்குப் பயந்து வெளியே நின்றிருக்கிறார்கள். நிற்கிற நேரத்துக்குக் கூலியையும் இழந்து, என் முகம் வாடக்கூடாது என்று சிரிக்கவும் சிரித்திருக்கிறார்கள்.

வேலையை மேற்பார்க்கும் போர்மேன் இதைப் பார்க்கவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு டேங்கை இலேசாக்கி வண்டியை எடுத்துக்கொண்டு நான் போயிருக்கலாம். அத்தையும் கண்ணால் அதைத்தான் சொன்னார். என்னால் முடியவில்லை. அறை அறையாகத் தேடிப் போய் அவரிடம் சொன்னேன்.

"சீசன் நேரத்துல வந்து இப்படி நிக்கியேப்பா" என்று கோபமாகத்தான் ஆரம்பித்தார். என்னோடு வந்து மேடையோரத்தில் கருகிய புல்லைப் பார்த்ததும், குனிந்து அது அணைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தார். பிறகு, "இங்க வச்சு ஸ்டார்ட் பண்ணாத. தள்ளிக்கிட்டுப் போ. இனிமே இந்த வண்டி உள்ள வரவேண்டாம்" என்றார்.

டேங்கைக் கழற்றிவிட்டு எல்லாரும் சேர்ந்து டிராக்டரைக் கேட்டுவரை தள்ளினார்கள். தள்ளிக்கொண்டே அத்தை, "தண்ணி மகராசாவுக்கு ஊர்வலம் நடந்துருச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓட்டம் போனதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவுகளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். இல்லை என்றேன். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது அதையே மறுபடியும் கேட்டார்.

இன்ஜினைப் பிரித்த மெக்கானிக்கிடம், "கடை ஆயில்தான் கெடுத்துருச்சு, இல்லண்ணே?" என்றேன். யார் மேலாவது பழியைப் போட வேண்டியிருந்தது.

அவர் தேய்ந்த பிஸ்டன் ரிங்கை என் கையில் வைத்தார். "ஆயில் மேல குத்தம் சொல்லாதே. இந்த வண்டிக்கு அது போதும். ரிங் தேய ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு, உங்கய்யா ஓட்டுறப்பவே. விலை கூடுன ஆயிலா இருந்தா, வண்டி குடிக்கக் குடிக்க வயிறெரிஞ்சு அன்னைக்கே இங்க கொண்டாந்திருப்பீக" என்றார்.

டப்பாவின் எழுத்து பொய் சொல்லவில்லை. ஆயில் மலிவு என்பதால் நோயைப் பார்க்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தது நான்தான்.

ரிங், லைனர் எல்லாம் மாற்றி வண்டி சரியாவதற்குள் மழைக்காலம் நெருங்கிவிட்டது. தீபாவளிக்கு முந்தைய அவசரம். கம்பெனியில் தண்ணீர் போதவில்லை. போர்மேன் வந்து வண்டியைத் தானே பார்த்து, புது வலைக்கூடு மாட்டி, மறுபடியும் ஓட்டம் கொடுத்தார். முதல் நாள் நான் நுழைந்தபோது பெண்கள் வெளியே வந்து மரத்தடியில் நின்றார்கள். அத்தை தோளில் நனைந்த சாக்கு. ரிங் மாற்றியதை நான் எடுத்துச் சொல்லவில்லை. வாயால் சொல்லி நம்ப வைக்கிற விஷயம் இல்லை அது. மறுநாளும் வந்தார்கள். அதற்கடுத்த நாளும். நான் குனிந்த தலையோடு தொட்டியை நிரப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு மத்தியானம், தொட்டியருகே வண்டியை நிறுத்திப் பார்த்தால் மரத்தடி காலியாக இருந்தது. அறை வாசலில் சாக்கு காய்ந்து கிடந்தது. உள்ளேயிருந்து அத்தையின் குரல் மட்டும் வந்தது.

"மருமகனே, எங்களுக்கு வேலை கிடக்கு. நீயே ரொப்பிட்டுப் போ."

தொட்டி நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நின்றிருந்தேன். இப்போதும் யாராவது என்னிடம், டிராக்டருக்குக் கடை ஆயில் போதுமா என்று கேட்டால், தரக் குறியீடு சரியாக இருந்தால் போதும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் சொல்லும்போதே, என்னை வரவேற்க யாரும் வெளியே வராத அந்த மத்தியானம் நினைவுக்கு வந்துவிடுகிறது. எனக்குப் போதும் என்று நான் முடிவு செய்கிற எதற்கும், எங்கோ ஒருவர் சாக்கை நனைத்து வைத்துக்கொண்டு நிற்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.