ஜார்ஜியாவில் இருபத்திரண்டு வருட அனுபவம்

எர்னஸ்டீன் காஸ்கின்ஸின் தலையெழுத்தை இரண்டு கம்பெனிகள் மாற்றின. முதல் கம்பெனி அவரை வேலையை விட்டு அனுப்பியது. இரண்டாவது எங்களுடையது.

வர்ஜீனியாவில் ஹெர்ண்டன் என்ற ஊரில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். வாஷிங்டனில் உள்ள அரசாங்கத்துக்கு அவ்வப்போது வெளிநாட்டு நீதிமன்றங்களையும் சிறைகளையும் திருத்தும் ஆசை வரும். ஆசை அரசாங்கத்துடையது, ஆள் பிடித்து அனுப்புவது எங்களைப் போன்றவர்கள். டெண்டர் வரும், போட்டி போடுவோம், கிடைத்தால் ஆளை விமானம் ஏற்றுவோம். கம்பெனியின் பெயரிலேயே ‘குளோபல்’ உண்டு. முதலாளி கிளேட்டன் விட்லாக் அதுவரை பார்த்திருந்த ஒரே வெளிநாடு கனடா, அதுவும் மீன் பிடிக்கப் போனது.

அந்த வருடம் வந்த டெண்டர், ஜார்ஜியாவின் பெண்கள் சிறைகளுக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்றது. ருஷ்யாவுக்குக் கீழே கருங்கடல் ஓரமாக இருக்கிற ஜார்ஜியா. ஆள் அமெரிக்கக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும், ஜார்ஜியச் சிறைகளில் நீண்ட அனுபவம் இருந்தால் கூடுதல் மதிப்பெண். அப்படி ஒருவர் கிடைப்பது குதிரைக் கொம்பு என்று போட்டிக்காரர்கள் ஒதுங்கிவிட்டார்கள். கிளேட்டன் ஒதுங்கவில்லை. வேலை கேட்டு வந்த விண்ணப்பங்கள் ஆயிரக்கணக்கில் எங்கள் கம்ப்யூட்டரில் கிடந்தன. அதில் ‘ஜார்ஜியா, சிறை, பெண்கள்’ என்று தட்டினார். ஒரே ஒரு பெயர் வந்தது.

உடனே போன் போட்டார். ஆட்களைச் சேர்க்கும் காகித வேலை என்னுடையது என்பதால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“ஜார்ஜியாவுல எவ்வளவு நாள் வேலை பார்த்தீங்க?”

“இருபத்திரண்டு வருஷம். பொம்பளைங்க ஜெயில் பூரா என் கையிலதான் இருந்துச்சு.”

கிளேட்டன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். “அந்த ஊர் பாஷை பேசுவீங்களா?”

“பொறந்ததுலேருந்து அதத்தானே பேசுறேன். உங்க பக்கத்து ஆளுங்களுக்குத்தான் புரிய மாட்டேங்குது.”

“ஜனங்க எப்படி?”

“தங்கமானவங்க. வந்தவங்கள சாப்பிடாம அனுப்ப மாட்டாங்க. சர்ச்சுக்கும் போவாங்க, குடிக்கவும் செய்வாங்க.”

டெண்டரோடு வந்த, அந்த நாட்டைப் பற்றிய அறிக்கையிலும் ஏறக்குறைய இதேதான் இருந்தது. எங்கள் இருவருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. எர்னஸ்டீனின் விண்ணப்பத்தைக் கம்பெனிப் பாணியில் திருத்தும்போது ஊர், மாவட்டம் முதலிய சில்லறைகளை வெட்டிவிட்டு ‘ஜார்ஜியா’வை மட்டும் தடித்த எழுத்தில் போட்டோம். அரசாங்கத்தில் மூன்று பேர் கொண்ட குழு அதைப் படித்தது. ‘அந்த நாட்டில் வேரூன்றிய அரிய அனுபவம்’ என்று எழுதி முதல் மதிப்பெண் கொடுத்தது. காண்ட்ராக்ட் எங்களுக்கு.

கையெழுத்துப் போட எர்னஸ்டீன் நேரில் வந்தார். அறுபது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம். சர்ச்சுக்குப் போவது போலத் தொப்பி வைத்திருந்தார். நான் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

“பாஸ்போர்ட் எதுக்குக் கண்ணு? எங்கிட்ட கிடையாது. நான் பாட்டுக்கு என் கார எடுத்துட்டு, தொண்ணூத்தஞ்சாம் நம்பர் ரோட்டப் பிடிச்சு தெக்கால போனா, இருட்டுறதுக்குள்ள ஜார்ஜியா.”

கிளேட்டன் காபியைக் கீழே வைத்தார். நான் சுவரில் இருந்த உலகப் படத்தைப் பார்த்தேன். அமெரிக்காவின் தென்கோடியில், ஃப்ளோரிடாவுக்கு மேலே, ஜார்ஜியா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும். தெரிந்துதான் என்ன பிரயோஜனம்?

எந்த ஜார்ஜியா என்று படத்தில் விரலை வைத்துக் காட்டினேன். எர்னஸ்டீன் கருங்கடலைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இது ரொம்பத் தூரமாச்சே” என்றார்.

கிளேட்டன் அதற்குள் சுதாரித்துக்கொண்டார். அவரை எந்தப் பள்ளத்தில் தள்ளினாலும் எழுந்து நின்று அதற்கு வாடகை கேட்பார். “உங்க விண்ணப்பத்துல பொய் ஏதாவது இருக்கா? இல்ல. ஜார்ஜியான்னு போட்டிருக்கு, ஜார்ஜியாவுலதான் வேலை பார்த்திருக்கீங்க. ஜெயில்னா எங்கயும் ஜெயில்தான். ஆள மாத்துனா காண்ட்ராக்ட் போயிடும். நீங்க பேசாம போயிட்டு வாங்க, மிஸ் எர்னஸ்டீன்.”

மாட்டேன் என்று அவரால் சட்டென்று சொல்ல முடியவில்லை. காரணம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வேலை பார்த்த மாவட்டச் சிறையை நடத்தும் பொறுப்பை ஒரு தனியார் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். வந்தவர்கள் முதல் வேலையாகச் செலவைக் குறைத்தார்கள், அந்தச் செலவில் அவரும் ஒருவர். பிறகு வர்ஜீனியாவில் மனாசஸ் என்ற ஊரில் மகன் வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறைக்குக் குடிவந்தார். மகன் நல்லவன், மருமகளும் நல்லவள். வாய்க்கு வாய் “நீங்க ரெஸ்ட் எடுங்க அத்தே” என்பாளாம். “ஒரு வேலையும் செய்ய விடாம உக்கார வைக்கிறதுக்கு எங்க ஜெயில்ல தனி செல் இருக்கு. தப்புப் பண்ணவங்களத்தான் அங்க போடுவோம்” என்றார் என்னிடம். அவருக்கு வேலை வேண்டும். எந்தக் கடலுக்கு அப்பால் இருந்தாலும் சரி, மறுபடி நாலு பேருக்குப் பயன்படுகிற ஒரு வேலை வேண்டும். அந்த நிலவறைக்குத் திரும்பக் கூடாது.

ஆனாலும் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அரசாங்கத்திடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்.

“நீங்க ஏன் இப்படி என் வயித்துல அடிக்கிறீங்க?” என்றார் கிளேட்டன்.

“கைதிகிட்ட பொய் சொல்லக் கூடாது. என் காவலருங்களுக்கு முதல் பாடமே அதுதான். நமக்கு ஆயிரம் சோலி, மறந்துடுவோம். அவங்களுக்கு வேற சோலி கிடையாது, உக்காந்து சரிபார்ப்பாங்க. பொய்யோட போயி அந்தப் பாடத்த எப்படி நடத்துறது?”

வாஷிங்டனில் காண்ட்ராக்ட் அதிகாரி டெனிஸ் ஓபர்லினைப் பார்க்கப் போனோம். வாசல் வரை கிளேட்டன் ஜெபம் செய்துகொண்டே வந்தார். எர்னஸ்டீன் சுற்றி வளைக்காமல் சொன்னார். “எனக்குத் தெரிஞ்ச ஜார்ஜியா வேற ஜார்ஜியா சார்.”

ஓபர்லின் கோப்பைத் திறந்தார், மூடினார், கண்ணாடியைத் துடைத்தார். அந்த மனிதரின் சங்கடம் எனக்குப் புரிந்தது. இதைத் தவறு என்று ஒப்புக்கொண்டால் மூன்று பேர் குழு படித்த லட்சணத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டெண்டரைத் திரும்ப விட வேண்டும், தோற்றவர்கள் புகார் கொடுப்பார்கள், வக்கீல்கள் பிழைப்பார்கள், பட்ஜெட் வருடம் முடிந்துவிடும்.

“எங்க ஆவணத்துல ஜார்ஜியான்னுதான் இருக்கு. எழுத்துப்பிழை எதுவும் இல்ல.”

“நான் சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?”

“நல்லாப் புரிஞ்சுது மேடம். நல்லபடியாப் போயிட்டு வாங்க. அங்க மட்டும் இதப் பேசாதீங்க. அவங்க கேட்டது அவங்க ஜெயில் தெரிஞ்ச ஆள. விஷயம் தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க, ரெண்டு நாட்டு உறவுக்கும் நல்லதில்ல.”

கிளேட்டன் படியிறங்கும்போது பாட்டுப் பாடினார். பாஸ்போர்ட் வந்ததும், முதல் வாரத்துக்கு என்னையும் துணைக்கு அனுப்பினார். ஏற்பாடுகளைக் கவனிக்க என்று பேர். உண்மையில் அந்த அம்மாள் உண்மை பேசிவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். என் சம்பளச் சீட்டில் இந்த வேலைக்கு என்ன பெயர் போட்டார்கள் என்று நான் பார்க்கவில்லை.

தலைநகர் திபிலிசிக்கு வெளியே பெண்கள் சிறை. வகுப்பறையில் காவலர்கள் கோட்டைக் கழற்றாமல், கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலைமைக் காவலர் நானுலி, ஐம்பது வயது, தடித்த குரல். எங்களுக்கு முன்னால் வந்துபோன ஆலோசகர்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். ஆங்கிலம் பேசுவார், மற்றவர்களுக்கு அவரே மொழிபெயர்ப்பார்.

“வாங்க. எங்க ஜெயில் எல்லாம் உங்களுக்கு அத்துப்படின்னு லெட்டர்ல போட்டிருந்தாங்க. இங்க யாருக்கும் உங்களப் பார்த்த ஞாபகம் இல்ல.”

பின்வரிசையில் இருந்த நான் எர்னஸ்டீனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தேன். கிளேட்டன் தயாரித்துக் கொடுத்த படங்கள் திரையில் இருந்தன. அவற்றைக் காட்டத் தொடங்கினால் போதும், கேள்வி அப்படியே அமுங்கிவிடும். எர்னஸ்டீன் என்னைப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரை மூடினார்.

“ஞாபகம் இருக்காது. நான் இங்க வந்ததே இல்ல. அமெரிக்காவுல ஜார்ஜியான்னு ஒரு மாநிலம் இருக்கு, நான் அந்த ஜார்ஜியாக்காரி. பேரு ஒண்ணா இருந்ததால மாத்திப் பிடிச்சுட்டாங்க. வேண்டாம்னா சொல்லிடுங்க, இன்னிக்கே கிளம்பிடுறேன்.”

நானுலி அதை மொழிபெயர்த்தார். முன்வரிசையில் ஒரு பெண் ஏதோ சொன்னாள், அறையே குலுங்கிச் சிரித்தது. நானுலி மட்டும் சிரிக்கவில்லை.

“அவ என்ன சொல்றா தெரியுமா? நாங்க எங்க நாட்ட ஜார்ஜியான்னு சொல்றதே கிடையாது. எங்களுக்கு அது சகார்ட்வேலோ. ஜார்ஜியாங்கிறது வெளியாளுங்க வச்ச பேரு. அப்படிப் பார்த்தா இந்த ரூம்ல ஜார்ஜியாக்காரி நீங்க ஒருத்தர்தான். உங்களப் போயி எப்படித் திருப்பி அனுப்புறது?”

எர்னஸ்டீன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். நானுலி அவரை இன்னும் அளந்துகொண்டுதான் இருந்தார்.

“சரி, சொல்லுங்க. உங்க ஊருல, புதுசா உள்ள வர்ற பொண்ணு முதல் நாள் பூரா அழுதா என்ன பண்ணுவீங்க?”

“அழ விடுவேன். பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவேன். எதுவும் பேச மாட்டேன்.”

“நாங்களும் அதத்தான் பண்றோம். சும்மா உக்காந்திருக்கிறதுக்கா சம்பளம்னு மேல திட்டுறாங்க.”

“என்னைய அதுக்குத்தான் வேலைய விட்டு அனுப்பினாங்க” என்றார் எர்னஸ்டீன்.

நானுலி அதை மொழிபெயர்க்கவில்லை. தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.