ஒல்லிக்குத் தைத்த பை

குடிநீர்ப் புகார் அலுவலகத்தில் எல்லோரும் அவளை மூணாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்றாவது மேசை, மூன்றாவது தொலைபேசி, இருபத்திரண்டு வருடமாக அதே நாற்காலி. காலை ஒன்பது மணிக்கு ஹெட்போனை மாட்டினால் மாலை ஐந்தரை வரை, ஊரில் எந்தக் குழாய் உடைந்தாலும் அந்தக் கோபம் முதலில் அவள் காதில்தான் வந்து விழும். தண்ணீர் வரவில்லை என்று திட்டுவார்கள். வந்த தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று திட்டுவார்கள். "சரிங்க, எழுதிக்கிட்டேன், ஆள் அனுப்பறோம்" என்று நாளுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பாள். வீட்டுக்கு வந்தபிறகு யார் குரலும் அவளுக்கு ஆகாது. டீயைப் போட்டு எடுத்துக்கொண்டு, காலை எதிர் நாற்காலியில் நீட்டிக்கொண்டு, அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி இருப்பாள்.

புருஷன் லிப்ட் மெக்கானிக். நல்ல உயரம், அதற்கேற்ற உடம்பு, பேச்சு மட்டும் அளந்துதான் வரும். அவளுக்கு அது வசதியாகவே இருந்தது. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனபிறகு காலியான அறையில் அவர் தோல் வேலை செய்ய ஆரம்பித்தார். அறுந்துபோன தன் பெல்ட்டை ஒருநாள் தானே தைத்துப் பார்த்ததில் தொடங்கியது அது. பிறகு சாவிப் பை, கண்ணாடிக் கூடு, பர்ஸ் என்று தெரிந்தவர் கையிலெல்லாம் அவர் தைத்தது ஒன்று இருந்தது. வீடு முழுக்கத் தோல் வாசனையும் பசை வாசனையும். ஞாயிறு மதியம் சாப்பிட்டுக் கண்ணை மூடினால் உள்ளேயிருந்து டொக் டொக்கென்று சுத்தியல் சத்தம் வரும். "வாரத்துல ஒரு நாளாவது என் காதுக்கு லீவு குடுங்களேன்" என்பாள். அவர் சுத்தியலுக்கு அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டுக்கொள்வார். சத்தம் கொஞ்சம் குறையும்.

ஐம்பத்தாறாவது வயதில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், லிப்ட் இயந்திரம் இருக்கும் அறையில் வேலையாக இருந்தபோது, கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. கூட இருந்தது ஒல்லி மட்டும்தான். பதினைந்து வருடமாக இருவரும் ஒரே ஜோடியாக வேலைக்குப் போகிறவர்கள். பெயருக்கேற்ற உடம்பு அவனுக்கு. அவரில் பாதி எடை இருந்தால் அதிகம். லிப்ட் பிரித்துப் போட்டிருக்கிறது, கீழே இறக்க வேறு வழியில்லை. பாதுகாப்பு பெல்ட்டால் அவரைத் தன் முதுகோடு கட்டிக்கொண்டு பத்து மாடியும் படியிலேயே இறங்கிவிட்டான். நடுவில் ஓர் இடத்திலும் இறக்கி வைக்கவில்லை. இன்னும் அரை மணி தாமதமாகியிருந்தால் வேறு மாதிரி ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். வேறு மாதிரி என்றால் என்ன என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை.

பேச்சு ஒரு மாதத்தில் திரும்பியது. கால் மூன்று மாதத்தில் கைத்தடியோடு நடக்கிற அளவுக்கு வந்தது. இடது கை மட்டும் வரவில்லை. தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. தொட்டாலும் தெரியாது, கிள்ளினாலும் தெரியாது. ஒருமுறை சூடான பாத்திரத்தின் மேல் அது பாட்டுக்குக் கிடந்து கொப்பளித்த பிறகுதான் இருவரும் பார்த்தார்கள்.

அவளுடைய நாள் ஐந்து மணிக்கே தொடங்கியது. அவரைக் குளிப்பாட்டி, சட்டை மாட்டி, பொத்தான் போட்டு, கைக்குப் பயிற்சி கொடுத்து, மதியச் சாப்பாட்டைக் கைக்கெட்டும் இடத்தில் மூடி வைத்துவிட்டு பஸ் பிடிக்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வந்ததும் மறுபடி பயிற்சி. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டும்போது அவள் வாய் தானாக எண்ணும், கண் மூடியிருக்கும். பயிற்சி சொல்லிக்கொடுக்கும் பிசியோ அம்மா, இந்தக் கைக்கு ஏதாவது வேலை கொடுத்துக்கொண்டே இருங்கள், நீங்கள் மறந்தால் அதுவும் மறந்துவிடும் என்று சொல்லியிருந்தார். நல்ல யோசனைதான். அந்த வேலையையும் யார் கொடுப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், ஒல்லிக்கு ஒரு பை செய்யவேண்டும் என்றார். ஸ்பேனர், இடுக்கி எல்லாவற்றையும் அவன் அடி கிழிந்த சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைகிறானாம். அவள் மறுக்கவில்லை. ஒல்லிக்கு என்றால் அவளால் எதையும் மறுக்க முடியாது. அவள் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக்கொள்ள, அவர் வலது கையால் தோலை வெட்டினார். பல் வைத்த உளியை அவள் நேராக நிறுத்திப் பிடிக்க, அவர் அடித்தார். ஓரம் நெடுகத் துளைகள் வரிசையாக விழுந்தன. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. தையலில்தான் தகராறு வந்தது.

அவர் போடுவது சேணத் தையல். தைக்கிற நீளத்துக்கு நாலு மடங்கு நூலை வெட்டி, தேன்மெழுகில் இழுத்து, முனைக்கொரு ஊசியைக் கோர்க்க வேண்டும். ஒரே துளையில் இந்தப் பக்கத்து ஊசி அந்தப் பக்கமும், அந்தப் பக்கத்து ஊசி இந்தப் பக்கமும் போகும். மிஷின் தையல் ஓரிடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துகொண்டு போகும். இது ஒரு நூல் அறுந்தாலும் இன்னொரு நூல் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருடம் அடுத்த அறையில் படுத்துச் சத்தத்தைச் சபித்தவளுக்கு இதெல்லாம் அன்றைக்குத்தான் தெரிந்தது. இரண்டு ஊசிக்கு இரண்டு கை வேண்டும். அவரிடம் ஒன்றுதான் இருந்தது. அதனால் தோலை மரக் கவ்வியில் நிறுத்தி, மேசையின் இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் அவள் என்று உட்கார்ந்தார்கள்.

முதல் பத்துத் துளைக்குள் பத்துக் குறை சொல்லிவிட்டார். ஊசி நூலுக்குள் குத்திவிட்டது. முதல் ஊசிக்கு முன்னால் விட்டுவிட்டாய், பின்னால் விடவேண்டும். நீ வெடுக்கென்று இழுக்கிறாய், தையல் சாய்ந்துவிடுகிறது. இப்போது தளர்த்திவிட்டாய். அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் புகார் கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம் தர்றாங்க. வீட்டுல எதுக்குக் கேக்கணும்?"

அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். பதினொரு நாள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. குளியலும் சாப்பாடும் பயிற்சியும் வழக்கம்போல நடந்தன, பேச்சு மட்டும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் மாலை அவள் வந்தபோது அவர் டீ போட்டுக்கொள்ளட்டும் என்று காலையில் பாத்திரத்தில் வைத்துவிட்டுப் போன தண்ணீர் அப்படியே இருந்தது. உள்ளே மேசை முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். கீழுதட்டில் ரத்தம், சட்டைக் காலரிலும் இரண்டு சொட்டு. தன் பக்கத்து ஊசியைக் கையாலும் அவள் பக்கத்து ஊசியைப் பல்லாலும் இழுத்துத் தைத்திருக்கிறார். ஒன்பது துளை தாண்டியிருந்தார். அவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் ஈரத் துணியால் உதட்டைத் துடைத்தாள். பெரிய காயமில்லை. பிறகு குனிந்து தையலைப் பார்த்தாள். ஒன்பதும் ஒன்பது திசையில் சாய்ந்திருந்தது.

"நகருங்க. இது எல்லாத்தையும் பிரிக்கணும்" என்றாள்.

அவர் நகர்ந்து உட்கார்ந்தார். அவள் பிரித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார். "அன்னைக்கு நான் உன்னைக் குறை சொல்லல. என் கை செய்யவேண்டியதை வாய் செஞ்சுது, அவ்வளவுதான்."

"தெரியும். இருந்தாலும் ஒரு நாளைக்கு ரெண்டு புகார்தான். மூணாவது வந்தா லைனைக் கட் பண்ணிடுவேன்."

அதற்குப் பிறகு டீ குடித்ததும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். இரண்டு புகாரையும் அவர் சிக்கனமாகச் செலவழித்தார். சில நாள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். இன்னொன்று மிச்சமிருக்கிறதே என்று அவளே கேட்பாள். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நேரம் இப்போது துளையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் நேரமாகிவிட்டது. ஓய்வு என்று சொல்ல முடியாது. முதுகு வலித்தது, ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடு எரிந்தது. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் நூல் 'சுர்'ரென்று ஒரு சத்தம் போட்டுத் தோலுக்குள் இறங்கி உட்காரும். அந்தச் சத்தம் அவள் காதுக்குத் தொந்தரவாக இல்லை.

பையின் உடம்பு முடிந்து, மூடியில் இலைக் கோலம் பதிக்கும் வேலை வந்தது. அவரிடம் இருந்த இரும்பு அச்சுகளில் உருப்படியானது இலை ஒன்றுதான். தோலை ஸ்பாஞ்சால் நனைத்து, நிறம் பழையபடி திரும்பும்வரை காத்திருந்து, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும்போது அச்சை வைத்து அடிக்க வேண்டும். ரொம்ப ஈரமாக இருந்தால் பள்ளம் மூடிக்கொள்ளும், காய்ந்துவிட்டால் பதியாது. அச்சைப் பிடிக்க ஒரு கை வேண்டும், மரச்சுத்தியலால் அடிக்க இன்னொரு கை. அச்சைப் பிடிக்கிற வேலையை இடது கைக்கே கொடுங்கள் என்று பிசியோ அம்மா சொன்னார். அவள் அந்த விரல்களை மடக்கி அச்சைச் சுற்றி வைத்து ரப்பர் பேண்ட் போட்டாள். அவர் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்து அச்சை இடத்துக்கு நகர்த்துவார். அவள் அடிப்பாள். நாளுக்கு ஏழெட்டு இலை விழும்.

ஒரு வியாழக்கிழமை ஊரின் பெரிய குழாய் உடைந்தது. காலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றிய நிமிடமில்லை. பாதிப் பேர் அவள்தான் கடப்பாறையால் உடைத்தாள் என்பது மாதிரிப் பேசினார்கள். தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளிடம் அவர், இன்றைக்கு விட்டுவிடலாம் என்றார். தோலை நனைத்து வைத்தாயிற்றே என்று அவள் உட்கார்ந்தாள். மூன்று இலை சரியாக விழுந்தது. நாலாவதுக்குச் சுத்தியலைத் தூக்கியபோது கண் ஒரு நொடி சொருகிவிட்டது. அடி அச்சின் மேல் விழாமல் அவருடைய இடது கட்டைவிரல் மேல் விழுந்தது.

அவர் "ஸ்ஸ்" என்று பல்லைக் கடித்தார்.

அவள் சுத்தியலைப் போட்டுவிட்டு விரலைப் பிடித்தாள். கவனிக்கவில்லை, தூக்கம் வந்துவிட்டது என்று ஏதேதோ சொன்னாள். அவர் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுது" என்றார்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு நகத்தின் மேல் தன் நகத்தை வைத்து மெல்ல அழுத்தினாள். தலையசைத்தார். ஆள்காட்டி விரலை அழுத்தினாள். கொஞ்சம் யோசித்து அதற்கும் தலையசைத்தார். மற்ற மூன்றுக்கும் இல்லை. இல்லை என்று தெரிந்தும் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்திப் பார்த்தாள். சந்தோஷம் வந்ததா என்று பிற்பாடு யாராவது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மேசைமேல் தோல் காய்ந்து போயிற்று, அன்றைக்கு அதற்கு மேல் இலை விழவில்லை.

அந்த இரண்டு விரல்தான் வந்தது. ஆறு மாதம் கழித்தும் இரண்டுதான். பிசியோ அம்மா இதற்குமேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். லிப்ட் மேல் ஏறுகிற வேலை இனி இல்லை என்று அவரும் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு விரலால் பொத்தானைப் பிடித்துக்கொள்ள முடிந்தது. காலையில் அவளுக்குப் பத்து நிமிடம் மிச்சமானது. பையின் விளிம்பை அவரே சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, வழவழப்பான கட்டையால் பளபளக்கும்வரை தேய்த்து, மெழுகு பூசி முடித்தார்.

ஒரு சனிக்கிழமை மாலை ஒல்லி வந்தான். பையைக் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்தான், மோந்து பார்த்தான், மூடியைத் திறந்து மூடினான். "இதுல கிரீஸ் பட்டுடுமே அண்ணா" என்றான். படட்டும், தோல் அப்படித்தான் பழகும் என்றார் அவர். பிறகு, அன்றைக்குச் சுமந்து வந்ததற்கு இதெல்லாம் ஈடாகாது என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். ஒல்லி பையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அப்படிச் சொல்லாதீங்க அண்ணா. நாலாவது மாடியில உங்களை இறக்கி வெச்சுட்டு ஓடிப்போய் ஆளைக் கூட்டிட்டு வரலாம்னு நெனச்சேன். இறக்கினா திரும்பத் தூக்க முடியாதுன்னு பயம். அதான் நிக்கவே இல்ல. தைரியம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்குக் கூச்சமா இருக்கு."

அவள் டீ எடுத்துவரப் போனாள். அவன் கிளம்பும்போது வாசல் வரை வந்தவள், மூன்று படியை அவன் எப்படி இறங்குகிறான் என்று பார்த்தாள். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, வலது காலை மட்டும் முன்னால் வைத்து இறங்கினான்.

"முட்டி எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டாள்.

கொஞ்ச நாளாகத்தான் அண்ணி, ஒன்றுமில்லை என்றான். எவ்வளவு நாள் என்று அவளே கணக்குப் போட்டுக்கொண்டாள். யாரிடமும் காட்டினானா என்று கேட்டதற்கு, படி ஏறுகிற பிழைப்பு, முட்டி சரியில்லை என்று வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்றான்.

"சரி. எழுதிக்கிட்டேன்" என்றாள் வழக்கமான குரலில். இந்தத் தடவை ஆள் அனுப்பப் போவது அவளேதான்.

அடுத்த சனிக்கிழமை பிசியோ அம்மாவிடம் புருஷனின் முறைக்குப் பக்கத்திலேயே ஒல்லிக்கும் முறை வாங்கியிருந்தாள். மூவரும் பஸ்ஸில் போனார்கள். பிசியோ அறைக்கு வெளியே நீள பெஞ்சில், இந்தப் பக்கம் கைத்தடியோடு அவர், அந்தப் பக்கம் முழங்காலைப் பிடித்தபடி ஒல்லி, நடுவில் இரண்டு சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு அவள். காத்திருப்பவர்கள் நிறையப் பேர். மின்விசிறி மெல்லச் சுற்றியது. கொஞ்ச நேரத்தில் அவள் தலை பின்சுவரில் சாய்ந்தது, வாய் லேசாகத் திறந்துகொண்டது. உள்ளேயிருந்து அழைத்தபோது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒல்லி அவள் கையிலிருந்து சீட்டுகளை மெதுவாக உருவினான். அவர் கைத்தடியைத் தரையில் தட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் தோளைப் பற்றி எழுந்தார். இருவரும் நொண்டிக்கொண்டே உள்ளே போனார்கள். அவளை எழுப்பவில்லை.